யார் கை நீட்டினாலும் நிற்கும்

எனக்கு வயது இருபத்தெட்டு. பணி ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. சிரிக்காதீர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஒப்பந்தக்காரரிடம் எட்டு ஆண்டு வேலை பார்த்தேன். பெரும்பாலும் கீழே நின்று கிரேனுக்குக் கையால் சைகை காட்டும் வேலை. பிறகு ஓட்டுகிற அறைக்குள்ளேயே கேமராத் திரை வைத்த புதிய கிரேன்கள் வந்தன. கை ஆட்டுகிறவன் இனித் தேவையில்லை என்றார்கள். மாலை போட்டார்கள், மக்ரூன் டப்பா கொடுத்தார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். இதற்குப் பெயர் பணி ஓய்வு இல்லையென்றால் வேறு என்ன?

இப்போது ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். என்னைப் “பென்ஷன் அண்ணாச்சி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘வகுப்பறை மேலாண்மை: என் கொள்கை’ என்று ஒவ்வொருவரும் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும். ஆத்தூரிலிருந்து வரும் அபிநயா நேற்று என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, முப்பத்தாறு பிள்ளைகள வாயத் தொறக்காம உக்கார வைக்கீயளே, அது எப்படின்னு எழுதுங்க. நாங்க அதப் பாத்து எழுதிக்கிடுதோம்.”

காப்பியடிக்கக் கேட்பதிலும் என்ன ஒரு மரியாதை! அதனால் எழுதுகிறேன். பார்த்து எழுதுகிறவர்கள் துறைமுகம் என்று வருகிற இடத்தில் மட்டும் சொந்தமாக எதையாவது போட்டுக்கொள்ளவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு கற்பித்தல் பயிற்சியில், விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பிடும் முதல் பார்வை வகுப்பில் நான் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றால் ஓராண்டு முழுவதும் மறுபடி. திரேஸ்புரத்தில் கருவாட்டுக் கடை வைத்து என்னைப் படிக்க வைக்கிற அக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள்: “ரெண்டு வருசம்லே. மூணாவது வருசம்னா என்னால இழுக்க முடியாது. பொறவு நீ மூட்ட தூக்கத்தான் போணும்.” அக்கா விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. வீட்டில் விளையாட்டுப் பேச்சு மொத்தமும் என்னுடையதுதான்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதாவது நான் பள்ளிக்கூடத்தை. துறைமுகத்தில் சேர்ந்ததும் பத்து நாள் பயிற்சி. ஒரு கையை உயர்த்தி ஆள்காட்டி விரலால் சின்ன வட்டம் போட்டால் தூக்கு. கையைக் கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. வாயால் சொன்னால் ‘ஆபீஸ்’, ‘ஆரியா’. ஆபீஸ் என்றால் தூக்கு, ஆரியா என்றால் இறக்கு. எந்த ஆபீஸ் என்று முதல் நாள் கேட்டவன் நான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க ஆட்டினால், அந்த நொடியே நிறுத்து.

இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சொல்ல ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை. நாலு பேர் சொன்னால் கிரேன் நாலு பக்கமும் போகும். ஆனால் ‘நிறுத்து’ மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். லாரிக் கிளீனர் காட்டலாம். கூட்டிப் பெருக்குகிறவர் காட்டலாம். யார் கை நீட்டினாலும் கிரேன் நிற்கும். நின்றே ஆக வேண்டும்.

இப்படி ஒரு உரிமையை என் கையில் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா?

அன்றைக்கு மரத்தடிகள் ஏற்றி வந்த கப்பல். கிரேனில் முத்து. சாத்தான்குளத்துக்காரன், என் வயது. நான் அப்போது வெறும் கூலி; லாரிப் பக்கம் நின்றேன். முத்து கீழே நம்மைப் பார்க்கிறானா, போனைப் பார்க்கிறானா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு கட்டு மரம் அந்தரத்தில் வரும்போது இரண்டு கையையும் நீட்டினேன். கட்டு அப்படியே நின்றது. முத்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“ஏலே ஜெரோமு, என்னலே ஆச்சி?” என்று மேலேயிருந்து கத்தினான்.

நான் பதில் சொல்வதற்குள் ஃபோர்மேன் ஜெபராஜ் சார் வந்துவிட்டார். நாசரேத்துக்காரர். நாயைக்கூட “போங்க” என்று விரட்டுகிற ஆள். ஓடி வர மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கழுத்தில் ஒரு கயிற்றில் பேனா தொங்கும்.

“தம்பி, எதுக்கு நிப்பாட்டுனீய?”

“சும்மா… கயிறு இழுத்த மாரி இருந்திச்சி சார்.”

“எந்தக் கயிறு?”

“அந்தா, வலது பக்கத்துக் கயிறு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டைத் தரையில் இறக்கச் சொன்னார். இரண்டு இரும்புக் கயிறுகளையும் கழற்றச் சொன்னார். குத்தவைத்து உட்கார்ந்து, துணியால் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரல் விரலாகப் பார்த்தார். கொக்கியின் தாழ்ப்பாளை மூன்று முறை திறந்து மூடினார். காற்று எந்தப் பக்கம் என்று முத்துவிடம் கேட்டார். லாரிகள் வாசல் வரை வரிசை கட்டி நின்றன. கூட வேலை செய்த பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மாதாவே, ஒரே ஒரு இழையாவது அறுந்திருக்கக் கூடாதா’ என்று மன்றாடினேன். மாதா கைவிட்டுவிட்டாள். கயிறு புத்தம் புதிது.

அரை மணி நேரம் கழித்து எழுந்தார். “கயிறு நல்லாத்தான் இருக்கு தம்பி. பாத்துச் சொன்னதுக்கு நன்றி.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. “சார், விளையாட்டுக்குக் காட்டினேன்” என்றேன்.

“சவத்து மூதி! இவனத் தூக்கிக் கடல்ல போடுங்க சார்!” என்று நாலு பக்கமும் குரல்.

ஜெபராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிப்பாட்டினதுக்கு நான் ஏச மாட்டேன். ஏசினா நாளைக்கு இங்கன ஒருத்தரும் கை நீட்ட மாட்டாவ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா கயிறு இழுத்திச்சின்னு பொய் சொன்னீய பாத்தீயளா, அதுக்கு இந்த ரெண்டு கயிறையும் நீங்களே சுமந்து கொண்டுபோய்ச் சுருட்டி வச்சிட்டு வாங்க.”

கயிற்றின் கனத்தைச் சுமந்தவனுக்குத்தான் தெரியும். தோளில் பட்ட எண்ணெய்க் கறை சட்டையிலிருந்து கடைசிவரை போகவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து என்னையே சைகைக்காரனாகப் போட்டார். அப்போதுதான் காற்றாலை இறக்கைகள் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஓர் இறக்கை எங்கள் தெருவைவிட நீளம். ஆடாமல் இருக்க இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் இறக்கையைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் துறைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நான் தினமும் அவர் நடையை நடித்துக் காட்டிக் கிண்டல் செய்கிறவன். அதற்குப் பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நினைத்து முடிப்பதற்குள் என் கைகள் நீண்டுவிட்டன. முத்து நிறுத்திவிட்டான்.

இறக்கைக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கயிறு பிடித்திருந்த ஓர் ஆளின் கணுக்காலைக் கயிறு சுற்றியிருந்தது. இன்னும் இரண்டடி திரும்பியிருந்தால் ஆளையும் சேர்த்துக் கடலுக்குள் இழுத்திருக்கும்.

ஜெபராஜ் சார் அதே குரலில் அவரிடமும் கேட்டார். “எதுக்கு நிப்பாட்டுனீய அக்கா?”

“அந்த ஆளு காலப் பாருங்க சார்.”

பிறகு நான் இசக்கியம்மாள் அக்காவிடம் கேட்டேன். “தப்பா இருந்தா ஏசிருவாவளோன்னு பயமா இல்லயாக்கா?”

“ஒன்னையவே அன்னைக்கு ஏசல்லல்லா. அப்ப என்னைய மட்டும் ஏசிருவாவளாக்கும்?” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அந்த நடையை நான் நடித்துப் பார்க்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சைகை சொல்லிக்கொடுக்கும் வேலை அதன்பிறகு என்னிடம் வந்தது. அது பிடித்துப்போய்த்தான், தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினேன். யாராவது கேட்டால், என்னை அடித்த வாத்தியார்களைப் பழிவாங்க வாத்தியாராகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம்பிவிடுகிறார்கள்.

இனிப் பள்ளிக்கூடம். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. நான் கையோடு கொண்டுபோன ஆயுதம் கிண்டல். இரண்டே நாளில் பாதி வகுப்புக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டேன். சத்தமாகப் பேசுகிற பிரின்சிக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’. பென்சிலைக் கடிக்கிற மாடசாமிக்கு ‘எலி’. தினமும் தாமதமாக வந்து வாசலில் நிற்கிற கவினுக்குக் ‘கப்பல்’. அவன் தலை தெரிந்ததும், “வெளியே நங்கூரம் போட்ட கப்பல் வந்தாச்சி, வழி விடுங்கலே!” என்று கையைக் குவித்து ஊதுவேன். வகுப்பே உருளும். கவினும் சிரிப்பான்.

முதல் பார்வை வகுப்பிலும் அப்படித்தான் உருண்டது. உருண்டதைத் திரும்ப நிமிர்த்த முடியவில்லை. நான் கத்தினேன், அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து வாசலில் நின்றார். பின்வரிசையில் இருந்த விரிவுரையாளர் சுலைகா மேடம், காயல்பட்டினத்துக்காரர், தாளில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று எழுதினார்.

“ஜெரோம், பிள்ளைகளுக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க சொன்னா நிக்க மாட்டேங்குதுங்க. அடுத்த தடவையும் இதே கதைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

மறுநாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று துறைமுகச் சைகைகளை எடுத்துவிட்டேன். விரல் மேலே வட்டம் போட்டால் எழுந்து நில். கீழே வட்டம் போட்டால் உட்கார். இதையெல்லாம் நான் மட்டும்தான் காட்டுவேன். ஆனால் ‘நிறுத்து’ யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

“ஒங்களையுமா சார்?” என்றாள் பிரின்சி.

“என்னையும்தான்.”

அவ்வளவுதான், சோலி முடிந்தது. முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் கை நீட்டினார்கள். நான் ஒவ்வொரு தடவையும் சாக்பீஸைக் கீழே வைத்து, நடந்து போய், “எதுக்கு நிப்பாட்டுனீய?” என்று மரியாதையாகக் கேட்டேன். ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தது. ஒருத்தியைப் பக்கத்திலிருந்தவள் முறைத்தாள். வாசலில் ஓர் ஆடு நின்றது. ஆடு போகும்வரை எல்லாரும் ஆட்டைப் பார்த்தோம். ஒருவன் “சும்மா சார்” என்றான். “சரி, நன்றி” என்று திரும்பி வந்தேன். பக்கத்து வகுப்பில் பயிற்சியிலிருந்த அபிநயா எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சிக்குக் கோட்டி பிடிச்சிட்டு” என்று போனாள். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன் அபிநயா, பார்த்து எழுதிக்கொள்.

மூன்றாம் நாள் அவர்களுக்கே சலித்துவிட்டது. ஐந்தாம் நாள் பின்வரிசையில் மாடசாமி கை நீட்டினான்.

“எதுக்கு நிப்பாட்டுனீய?”

“பின்னத்துல கீழ உள்ள நம்பரு பெருசானா பங்கு ஏன் சின்னதாவுது? நேத்துல இருந்தே புரியல சார்.”

மூன்று வாரமாக “புரிந்ததா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு பேரும் “புரிந்தது சார்” என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை ஜெபராஜ் சாருக்குப் போன் போட்டு நலம் விசாரித்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் கிண்டலை மட்டும் நான் விடவில்லை. அது என் மூச்சுக்காற்று என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது பார்வை வகுப்பு. பின்னக் கணக்கு. அக்கா வாங்கித் தந்த நாலு புரோட்டா மேசையில். மேடம் பின்னால். விரல் காட்டினேன், எழுந்தார்கள். விரல் காட்டினேன், உட்கார்ந்தார்கள். முதல் புரோட்டாவை இரண்டாகப் பிய்த்தேன். மேடத்தின் பேனா ஓடியது. நல்லதாகத்தான் ஓடுகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அப்போது வாசலில் கவின்.

வாய் தானாகப் போய்விட்டது. “வெளியே நங்கூரம் போட்ட கப்பல் வந்தாச்சி, வழி விடுங்கலே!”

வகுப்பு சிரித்தது. கவினும் சிரித்தான். இடத்தில் போய் உட்கார்ந்தான். பையைக் கழற்றி வைத்தான். பிறகு எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

நான் நிற்காமல் போயிருக்கலாம். “அப்புறம் பேசுவோம்” என்று சொல்லியிருக்கலாம். பாடம் பாதியில் இருக்கிறது, மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார், என் ஓராண்டு கொக்கியில் தொங்குகிறது. ஆனால் ‘அப்புறம்’ என்று ஒரு சைகையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவனிடம் நடந்தேன்.

“எதுக்கு நிப்பாட்டுனீய, கவின்?”

“அதச் சொல்லாதீய சார்.”

“எத?”

“கப்பல்னு.”

“நீயும்தானலே சிரிச்ச?”

“எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்கலன்னா இன்னும் சிரிப்பாவ சார்.”

அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “தெருவுலயும் அப்படித்தான் கூப்பிடுதாவ. நேத்து எங்கம்மாவே, ‘கப்பலு, சோறு தின்ன வாலே’ங்கா.”

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினான். என் நாக்கில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் நல்ல பதில்கள். ஒன்றைச் சொன்னால் போதும், வகுப்பு மறுபடி என் கையில். எனக்கு ஜெபராஜ் சார் குத்தவைத்து உட்கார்ந்து விரல் விரலாகப் பார்த்த கயிறு ஞாபகம் வந்தது. நானும் உட்கார்ந்தேன், அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில்.

“இந்தப் பேரால வேற என்ன ஆவுது?”

“லேட்டா வந்தா நீங்க ஊதுவீயன்னு, இன்னும் கொஞ்சம் லேட்டா வருவேன். பாடம் ஆரம்பிச்ச பொறவு வந்தா ஊத மாட்டீயன்னு.”

தாமதத்தைத் திருத்தத்தான் கிண்டல் செய்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சொன்னதுக்கு நன்றி கவின். இனிமே சொல்ல மாட்டேன்” என்றேன். எழுந்து திரும்பினால், பிரின்சி கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

“லவுட்ஸ்பீக்கரும் வேண்டாம் சார்.”

அடுத்து மாடசாமி. அடுத்து இன்னும் நாலு பேர். ஒவ்வொருவரிடமும் நடந்து போனேன், கேட்டேன், நன்றி சொன்னேன். கடைசியில் ஒருவன், “எனக்கு மேனேஜர்னு வச்சீயள்ளா, அது நல்லாருக்கு சார். அத மட்டும் எடுத்துராதீய” என்றான். மணி அடித்தது. மேசையில் மூன்று புரோட்டா பிய்க்காமல் கிடந்தது.

வராந்தாவில் சுலைகா மேடம் தாளோடு நின்றார்.

“பாடம் பாதிகூட முடியல ஜெரோம்.”

“ஆமா மேடம்.”

“அந்தப் பையன் இத்தன நாளா இதச் சொல்லாம இருந்ததுக்கு யாரு காரணம்?”

“நான்தான் மேடம்.”

“இன்னிக்குச் சொன்னதுக்கு?”

அவர் சுவரில் தாளை வைத்து எழுதினார். ‘பாடம் முடித்தல்’ என்ற கட்டத்தில் அவர் போட்ட மதிப்பெண்ணை இங்கே சொல்ல மாட்டேன், அக்கா படித்துவிடுவாள். ‘கட்டுப்பாடு’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று ஒரே சொல். கீழே கையெழுத்து. “மிச்சப் புரோட்டாவப் பிள்ளைகளுக்குக் குடுங்க, ஆறிடப் போவுது” என்று சொல்லிவிட்டுப் போனார். மயிரிழையில் தப்பினேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை.

என் கொள்கை என்று கேட்டால் அவ்வளவுதான். நடத்துகிறவன் ஒருவன். நிறுத்துகிறவர் யாராகவும் இருக்கலாம். நிறுத்தியவரை ஏசக் கூடாது, என்ன காரணம் என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. ஜெபராஜ் சாரும், இசக்கியம்மாள் அக்காவும், முத்துவும், கவினும் கொடுத்தது. வாங்கிக்கொண்டது மட்டும் நான். ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.

பயிற்சியின் கடைசி நாள் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன். “எனக்கு என்னலே பட்டப்பேரு வச்சிருக்கீய? உண்மையச் சொல்லணும்.”

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்படியானால் உண்டு.

“சொல்லுங்கலே. நான் எத்தன பேருக்கு வச்சவன், தாங்க மாட்டனா?”

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் மேசைக்கு அடியில் குனிந்தான். கடைசியில் கவின்தான் எழுந்து சொன்னான். முப்பத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள். பொருத்தமான பெயர்தான், நானே வைத்திருந்தாலும் அவ்வளவு சரியாக அமைந்திருக்காது. நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன், மேசையைத் தட்டிச் சிரித்தேன். காது மட்டும் ஏனோ சுட்டது.

சிரிப்பு ஓயவில்லை. கவின் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையை நீட்டவே இல்லை.

“இனிமே சொல்ல மாட்டோம் சார்” என்றான்.